பதினேழு கல்

பதினோராயிரம் என்றார் இத்ரீஸ்.
சொல்லிவிட்டு டீப் பையனிடம் திரும்பிக்கொண்டார்,
என் முகத்துக்கு யோசிக்க இடம் கொடுத்து.

பர்மா பஜார், ஞாயிறு, மதியம் மூன்று.
பக்கத்திலேயே கடல், காற்று மட்டும் வரவில்லை.
சார்ஜர் கடைக்காரன் டேப்பைக் கிழிக்கும் சத்தம்.

நான் வங்கியில் நகை மதிப்பீட்டாளன்,
மண்ணடி கிளை, இருபத்திரண்டு வருஷம்.
கல் வைத்த நெக்லஸ் வந்தால்
கல்லைக் கழித்து, அரக்கைக் கழித்து,
அழுக்குக்கு ஒரு குன்றிமணி கழித்து
மிச்சத்துக்குத்தான் எடை எழுதுவேன்.
செய்கூலிக்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

இந்த வாட்ச்சிலோ
பதினேழு கல்லும் உள்ளே இருக்கிறது.
விற்கப்போனால் பத்து பைசா பெறாத சிவப்புத் துகள்கள்.
கழித்தால் ஓடாது.

காதில் வைத்தேன்.
அடுத்த வீட்டில் யாரோ
தையல் மெஷின் மிதிப்பது போல ஓடியது.

கீறல் விழுந்த கண்ணாடிக்கடியில் கிரீம் நிற முகம்.
ரொம்பச் சுத்தம்.
அறுபது வருஷத்து முகத்தில் ஒரு புள்ளிகூட இல்லையென்றால்
யாரோ பூசியிருக்கிறார்கள்.
லென்ஸைக் கண்ணில் செருகினேன்.
கம்பெனிப் பெயரில் ஒரு எழுத்து மற்றதைவிடக் குண்டு.
ஐந்துக்கான கோடு ஆறைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது.
அடியில் ஊர்ப்பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
வெறும் பெயின்ட்.

"டயல் ஒரிஜினலா?"
"சத்தியமா சார். கம்பெனி டயல்.
கண்ண மூடிக்கினு எத்துக்கினு போ."

கவுன்ட்டரில் இதே குரலைக் கேட்டிருக்கிறேன்.
உள்ளே செம்பு ஓடும் வளையலை நீட்டி
எங்கம்மா போட்டது என்பார்கள்.
பாதிப் பேருக்குச் செம்பென்று தெரியாது.
தெரிந்தவர் யாரென்று
நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இத்ரீஸைப் பார்த்தேன்.
அவருக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.
டீயை ஊதினார்.

பின்மூடியைத் திறக்கச் சொன்னேன்.
பேனாக்கத்தி, விளிம்பில் ஒரு நெம்பு.
மூடியின் உட்புறம், எஃகில்,
ஊசியால் கீறிய பொடி எழுத்துகள்:
12.3.69.
ஒரு 'ந', பக்கத்தில் 4/74.
எண்பத்தொன்றில் ஒருவர்,
எண்பத்தெட்டில் அவரே, அதே கோணல் எட்டு.
கடைசியாகத் தேதி இல்லாமல் ஒரு சுழி.
பழுது பார்த்தவர்கள் தங்களுக்கென்று எழுதிக்கொண்டது.

ஐந்து முறை யாரோ இதை ஒரு மேஜையில் வைத்து
எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறார்கள்.
தொகையைக் கேட்ட பிறகும்
ஐந்து முறை
சரி என்றிருக்கிறார்கள்.

இதற்கும் கட்டம் இல்லை.

மனதுக்குள் கூட்டினேன்.
முகம் பொய், பாதி கழி.
சாவிக்குமிழ் வேறொன்றிலிருந்து வந்தது, ஐந்நூறு கழி.
வாரை எப்படியும் தூக்கிப்போட வேண்டும்.
நாலாயிரத்து ஐந்நூறு என்று வந்தது.
அதன் கீழே முத்திரையோடு கையெழுத்துப் போடுவேன்.

வாயில் வந்தது ஆறாயிரம்.

இத்ரீஸ் பேரம் பேசவில்லை. அங்கேயே தெரிந்திருக்க வேண்டும்.
மூடியை அமுக்கினார், டக்.
நோட்டை எண்ணி முடித்த பிறகு சொன்னார்:
"டயல் பெயின்ட்டுதான் சார். நான்தான் குட்த்து அட்ச்சேன்.
பழைய மூஞ்சியோட வெச்சிருந்தா
நீ நின்னே பாத்திருக்க மாட்ட."

பழைய முகம் அடியில் இருக்கிறதா என்று கேட்டேன்.
"அத சொரண்டிட்டுத்தான் சார் அடிப்பாங்க."

ரயிலில் எதிரே ஒரு பையன், செத்துப்போன போனோடு,
டைம் என்ன சார் என்றான். சொன்னேன்.
எழும்பூர் பிளாட்பார்ம் கடிகாரம் வேறு சொன்னது.
எது சரி என்று அவன் கேட்கவில்லை,
இறங்கி ஓடினான்.

ஒரு வாரமாகக் குறித்துவருகிறேன்.
நாளொன்றுக்கு நான்கு நிமிடம் பின்தங்குகிறது.
ஆயிலுக்குக் கொடுத்தால் சரியாகிவிடுமாம்.
கொடுக்க வேண்டும், ஆறாவது கீறலாக.
அதுவரை தினமும் காலையில்
முள்ளைத் தள்ளிவைக்கும்போது
சேதாரம் என்று சொல்லிக்கொள்கிறேன்.
அது என்றைக்கும்
வாங்குகிறவன் கணக்குதான்.