ஆறெழுத்து

கிரிம்ஸ்பி மீன்துறை, விடியாத ஐந்து மணி.
காட் மீனின் நடுமுள்ளை உரசிக்கொண்டு
கத்திகள் போய்வருகின்றன.
"மம்பி, நீ வெட்டுற அழகுக்கு
அந்த மீன் திரும்பக் கடலுக்குப் போய் நீந்தும்."
"நீந்தட்டுமே ஆஸ்கர்பி.
உன் பேச்சைக் கேட்டுத்தானே செத்தது,
பிழைச்சுப் போகட்டும்."

பத்தொன்பது வருடமாக இதே கதை.
பனிக்கட்டிக்குள் விரல் மரத்துப்போகிற வேலை.
நாக்கையாவது
சூடாக வைத்துக்கொள்ள வேண்டாமா?

தேநீர் வேளையில்
எட்னா செஃபிங்ஸ் குறுக்கெழுத்தை விரிப்பாள்.
செதில் ஒட்டிய பென்சில்,
முதுகு கழன்ற அகராதி.
"விளையாட்டாய்ச் சீண்டுவது. ஆறெழுத்து."
"பான்டர்," என்றது கொட்டகை முழுவதும்
ஒரே குரலில்.
நாள் முழுக்க வாயில் கிடந்த சொல்,
எங்கிருந்து வந்ததென்று
அன்றுவரை யாரும் கேட்டதில்லை.

கிண்டல் என்னும் நம் சொல்லை உதறினால்
உள்ளிருந்து ஒரு கரண்டி விழும்,
அடிப்பிடிக்காமல் கிண்டிவிட.
இதை உதறினால் என்ன விழும்?

எட்னா கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தாள்:
ஆயிரத்து அறுநூற்று எழுபதுகள்.
லண்டன் தெருப்பேச்சு.
அதற்கு முன்னால்
பிறப்பிடம் தெரியவில்லை.

"எவனோ பெத்துப் போட்டுட்டு ஓடிட்டான்!"
புதிதாகச் சேர்ந்த பையன் சிரித்தான்.
அவன் மட்டும் சிரித்தான்.

ஆஸ்கர்பி என்பது
ஆஸ்கர்பியின் தகப்பன் பெயர் அல்ல.
மாலுமிகள் விடுதியின் படிக்கட்டில்
உருளைக்கிழங்குச் சாக்கில் கிடந்த குழந்தையைத்
தூக்கிய காவலரின் பெயர்.
அவன் காதைக் கேலி செய்திருக்கிறார்கள்,
குதிரைப் பந்தயத்தில் தோற்ற சம்பளத்தை,
அவன் மனைவி சுட்ட பையை,
அதைத் தின்று நொண்டிய நாயை.
இந்த ஒரு முள்ளை மட்டும்
எல்லாக் கத்தியும் சுற்றிக்கொண்டுதான் போகும்.

குழாயில் தண்ணீர் சொட்டுகிறது.
பையனின் காது சிவக்கிறது,
ஏனென்று தெரியாமலே.

மம்பி நிமிரவில்லை.
கோப்பைக்குள் பார்த்தபடி சொன்னான்:
"ஆஸ்கர்பி,
உன் சொந்தக்காரன் வந்திருக்கான்.
டீ ஊத்து."

எட்னா பென்சிலை வைத்துவிட்டாள்.
வெளியே ஒரு கடற்காகம்
கத்தத் தொடங்கி, பாதியில் விட்டது.

ஆஸ்கர்பி எழுந்தான்.
அலமாரியிலிருந்து இன்னொரு கோப்பை.
கெண்டியைச் சாய்த்து நிரப்பினான்,
விளிம்புவரை.
திறந்துகிடந்த பக்கத்தின் முன்னால் வைத்துக்
குனிந்து,
அந்தச் சொல்லிடமே கேட்டான்:
"சர்க்கரை எத்தனை?"

அப்போது சிரித்தார்கள் பாருங்கள்.
பெட்டிகள் அதிர,
எட்னாவுக்குக் கண்ணில் நீர் வர,
பையன் பயந்துபோய்
இன்னும் கொஞ்சம் பின்னால் நகர.

மம்பி மட்டும் மெல்ல எழுந்து
மேசைக்குத் திரும்பினான்.
அடுத்த மீனில் கை தடுமாறியது.
பாதிச் சதை முள்ளோடு போனது.
பக்கத்தில் வந்து நின்று
ஆஸ்கர்பி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நீந்தும்," என்றான்.