பதிவேட்டில் உள்ளபடி

சோஹார், அலுமினிய ஆலை, ஆறாம் நம்பர் கன்டெய்னர்.
ஏசி சொட்டுகிற இடத்தில் ஒரு பெயிண்ட் டப்பா.
வெல்டிங் இன்ஸ்பெக்டர் மார்லீன் ஆட்கின்ஸ்
கையுறையைக் கழற்றாமலே
ஒரு தாளை என் மேஜையில் வைத்தாள்.
"இதை உன் ஊர் வாயால் ஒருமுறை படி."

மேரிலாந்து. கவுண்டி கோர்ட்.
ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்று மூன்று.
மை குடித்த எறும்பு நடந்துபோன மாதிரி எழுத்து.
தாமஸ் என்கிற மூட்டா, கிழக்கிந்தியன்,
எஜமானுக்குச் சொல்லாமல் போனது இருபத்திரண்டு நாள்;
ஓடிய நாள் ஒன்றுக்குப் பத்து வீதம்
இருநூற்றிருபது நாள் கூடுதல் ஊழியம்.

அம்மாவின் அம்மாவின் அப்பாவின் என்று
ஒன்பது விரல் மடக்கினாள்.
எச்சிலைக் குழாயில் அடைத்து அனுப்பியதில்
அவள் ரத்தத்தில் எங்கள் பக்கம்
நூற்றில் அரை கூட இல்லையாம்.
அந்த அரை கூட இல்லாததற்காக
மூன்று வருஷ லீவும் உயில், வரிப்பட்டியல், சர்ச் நோட்டு.
"மூட்டா என்றால் என்ன?"

என் பெயர் பழனியாண்டி.
அரபியில் ப கிடையாது, ழ கிடையாது.
ரெசிடென்ட் கார்டில் இருப்பவன் பலன்யாந்தி.
சம்பளம் அந்த ஆளுக்குத்தான் வருகிறது.
அதனால் எனக்கு எழுத்தர்களைத் தெரியும்.
காதில் விழுந்ததை எழுதுவதில்லை;
திருப்பிக் கேட்கச் சலித்த இடத்தில் எழுதிவிடுவார்கள்.

முத்தாக இருக்கலாம், என்றேன்.
இந்தப் பக்கமெல்லாம் முன்பு மூழ்கி எடுப்பார்களே, அது.
மூத்தானாகவும் இருக்கலாம். தலைச்சன் பிள்ளை.
அவள் முத்தை எடுத்துக்கொண்டாள்.
முட்டு, மொத்து, முட்தூ
என்று சொல்லிச் சொல்லி
ஏறக்குறைய சரியாக வந்தபோது
பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்
கண்ணைத் துடைத்தாள், கையுறையோடு.

மூன்றாவது ஒன்று என் தொண்டையிலேயே நின்றது.

கப்பல் தட்டு. மைக்கூட்டோடு ஒருவன்.
அவன் பாஷையில் ஏதோ கேட்கிறான்.
விரல் நீள்கிறது.
தோளில் இருப்பதைத்தான் கேட்கிறான் என்று நினைத்துப்
பையன் சொல்கிறான்:
மூட்டை.
எழுதியாகிவிட்டது.

இதை எப்படிச் சொல்வது,
அதுவும் என் ஓவர்டைம் தாளில்
கையெழுத்துப் போடுகிறவளிடம்.

ராத்திரி, கேம்ப்.
பருப்பு சிந்தாமல் இருக்க விரித்த பேப்பரில்
துரைக்கண்ணு படம்.
கீழ்க்காணும் நபர் வேலையைவிட்டு ஓடிவிட்டார்.
இவருக்கு வேலையோ இடமோ கொடுப்பவர் தாமே பொறுப்பு.
பெயரில் மூன்று பிழை.
முகத்தில் பிழை இல்லை, பட்டுக்கோட்டை ஸ்டுடியோவில்
போட்டோக்காரனை முறைத்த அதே முறைப்பு.
பதினெட்டு நாள் ஆகிறது.
என்னையறியாமல் பத்தால் பெருக்கினேன்.

எனக்குக் கீழ்க் கட்டில் அவனுடையது.
அதனடியில் பச்சை நைலான் கயிறு கட்டிய மூட்டை.
யாருடையது என்று சூப்பர்வைசர் கேட்டபோது
என்னுடையது என்றேன்.
இரண்டு முறை கேட்டார்.
இரண்டு முறையும்.

காலையில் மார்லீன் வந்தாள்.
கோடைக்கு ஊருக்குப் போனதும் கல் நடப் போகிறாளாம்.
எலும்பு எங்கே என்று தெரியாது,
ஒரு சோளக்காட்டு ஓரமாக.
"பெயரை உங்கள் எழுத்தில் எழுதிக் கொடு.
வெட்டுகிறவன் அப்படியே வெட்டுவான்."

ஹாட் வொர்க் பெர்மிட்டின் பின்பக்கம்
ம போட்டேன்.
வாலைக் கீழே இறக்கினேன்.
நிறுத்தினால் குறில்,
இன்னொரு சுழி சுழித்தால் நெடில்.

மை தீர்ந்துவிட்டதோ என்று
மேல்பையிலிருந்து தன் பேனாவை உருவி
நீட்டிக்கொண்டிருக்கிறாள்.