கேள்வி பதினெட்டு

கோத்தகிரிக் கிளை நூலகத்தின் கதவு
மழைக்காலத்தில் ஊதிக்கொள்ளும்.
தோளால் முட்டித்தான் திறக்க வேண்டும்.
உள்ளே பூசணமும் பசையும் கலந்த வாசம்.
நூலகர் போஜராஜன் மப்ளரை அவிழ்க்காமலே
தேதி முத்திரையை ஊதி ஊதிச் சூடாக்குவார்.
குளிரில் மை உறைகிறதாம்.

நான் நூலகவியல் முதுகலை, இரண்டாம் ஆண்டு.
தலைப்பு: மலைப்பகுதிக் கிளை நூலகப் பயனர்களின்
வாசிப்புப் பழக்கம், ஓர் அளவாய்வு.
வழிகாட்டி எஸ்தர் மேடம்
‘ஓர்’ என்பதை அடித்துவிட்டு
மறுவாரம் அவரே எழுதிச் சேர்த்தார்.

நூற்றிருபது படிவங்கள், பதினெட்டுக் கேள்விகள்.
ஆறாவது: நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் வாசிக்கிறீர்கள்?
அரை மணி, ஒரு மணி, இரண்டு மணிக்கு மேல்.
கட்டபெட்டுப் பக்கம் கொழுந்தெடுக்கும் புஷ்பராணி அக்கா
மூன்றையும் விட்டுவிட்டு
ஓரத்தில் எழுதியிருந்தார்:
பஸ் வராத நேரம்.

கணினியில் இதை எங்கே இடுவது?
‘பிற’ என்றொரு கட்டம் இருக்கிறது.
இந்த மலையில் பாதிப் பேர்
அங்கேதான் குடியிருக்கிறார்கள்.

அறுநூற்று முப்பத்து மூன்று புள்ளி ஏழு இரண்டு.
தேயிலைக்கான எண்.
அந்த அடுக்கில் பதினொரு வருடமாக முத்திரை விழவில்லை.
ஜன்னலைத் திறந்தால் தேயிலை,
அதை எதற்குப் படிக்க?
உறுப்பினர் எண் 1147 மட்டும்
கடலைப் பற்றிய ஒரே நூலை
ஏழு முறை எடுத்துப் போயிருக்கிறார்.
யார் என்று கேட்டேன்.
“அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா,
உன் பாடத்துலயே இருக்குமே”
என்றார் போஜராஜன்.
இருக்கிறது. மூன்றாம் பருவம், இரண்டாம் அலகு.

புத்தகங்களுக்குள் கிடைத்தவற்றைத்
தனி அட்டையில் குறித்துவந்தேன்.
கொழுந்து எடைச் சீட்டு, பதினேழு கிலோ.
கேரட் மூட்டைக் கணக்கு.
வாசம் போகாத ஒரு கற்பூர மரத்து இலை.
“இது தரவு இல்லை, குப்பை”
என்றார் எஸ்தர் மேடம்.
அட்டையைத் திருப்பித் தருமுன் கேட்டார்:
“இலை எந்தப் பக்கத்துல இருந்தது?”

என் பழக்கம் எனக்குத் தெரியும்.
புத்தகத்தைப் பின்னாலிருந்து திறக்கிறவள்.
முதலில் சொல்லடைவு, அடுத்து மேற்கோள் பட்டியல்,
வேண்டிய மூன்று பக்கத்துக்கு ஒரு படம்.
செல்போனில் நாலாயிரத்துச் சொச்சம் பக்கங்கள்
சார்ஜ் இறங்கும்போதெல்லாம்
என்னோடு சேர்ந்து பயப்படுகின்றன.

ஒரு படிவத்தை மழை தின்றுவிட்டது.
நூற்றுப் பத்தொன்பது.
ஒன்றை நானே நிரப்பிவிடலாம்,
யாருக்குத் தெரியும்?
வயது, தொழில், ஊர், மளமளவென்று போனது.
கேள்வி பதினெட்டு:
கடைசியாக முழுவதும் படித்து முடித்த நூல்?

நானே எழுதிய கேள்விதான்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
அடுக்குகளைப் பார்த்தேன்.
எல்லாவற்றின் எண்ணும் தெரிகிறது.

படிவத்தை நாலாக மடித்தேன்.
அட்டவணையில் நூற்றுப் பத்தொன்பது என்றே போட்டேன்.

ஆறரை மணி குன்னூர் பஸ் வரவில்லை.
வளைவில் காட்டெருமை படுத்திருக்கிறதாம்,
ஹாரனுக்கும் அசையாதாம்.
டீக்கடை பல்புக்குக் கீழே
மூடுபனி மஞ்சளாய் நின்றது.
புஷ்பராணி அக்கா பெஞ்சில்
அட்டை கிழிந்த நாவலோடு.
என் பட்டியலில் அது, ‘தலைப்பு அறியப்படவில்லை’.

பக்கத்தில் உட்கார்ந்தேன்.
தோளுக்கு மேல் கண் போனது.
யாரோ யாருக்கோ கடிதம் எழுதுகிறார்கள்,
பாதியில் மை தீர்ந்துவிடுகிறது.

அக்கா தாளின் முனையைப் பிடித்தபடி
திரும்பிப் பார்த்தார்.
“முடிச்சிட்டியா?”

இன்னும் மூணு வரி, என்றேன்.