இருப்புப் பதிவேடு

முஸஃபா முகாம் ஸ்டோர்.
காலணி, கையுறை, தலைக்கவசம், தலையணை,
எதைக் கொடுத்தாலும் எழுதிக் கையெழுத்து வாங்குவது
பதினோரு வருடமாக என் வேலை.

மார்ச் நான்கு. சந்தியாகு, சாரம் கட்டுபவர், அறை 214.
பாதுகாப்புக் காலணி, எட்டாம் எண், ஒரு ஜோடி.

ஏப்ரல் இருபத்தொன்று. அதே சந்தியாகு.
ஒன்பதாம் எண் கேட்டார்.
"நாற்பத்தாறு வயசில் கால் வளருதாக்கும்" என்றேன்.
வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
அவரும் சிரித்தார்,
நடுவில் நிறுத்தி ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு
மீதியைச் சிரித்தார்.
அதை எழுத என் ஏட்டில் கட்டம் இல்லை.

மே மாதம் தலையணை ஒன்று கூடுதலாக.
பத்து நாளில் இன்னொன்று.
"விக்கிறீரா ஓய்?"
"படுத்தா தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி இருக்கு அண்ணாச்சி.
எழுந்து உக்காந்தா கரையேறிடுறேன்."
மணப்பாட்டுக்காரர்.
கடல் பேச்சு பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

இருமலுக்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம்.
மணல்காற்று என்றார் கிரேன் ஓட்டும் ஃபக்ருதீன்.
ஏசி வடிகட்டி கழுவி ஆறு மாதம் என்றேன் நான்.
மெஸ்ஸில் பாதிச் சோற்றோடு எழுந்து போகிறவரின்
பெல்ட் மட்டும் ஏன்
இரண்டு துளை தள்ளிப் போனது என்று
ஒருவரும் கேட்கவில்லை.
நெஞ்சு வலி என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தால்தான்
எங்களுக்கு அது நெஞ்சு.

ஜூன் பதினாறு.
மதிய ஓய்வு நேரம் தொடங்கிய மறுநாள்.
பத்தாம் எண் கேட்டார்.
இருப்பில் இல்லை.
"பழசை லேஸ் கட்டாம போட்டுக்கிடும்."

மாடிக்குப் பதினான்கு படி.
ஏழாவதில் உட்கார்ந்து
கைபேசி பார்த்துக்கொண்டிருந்தார்.
கைபேசி அணைந்திருந்தது.

பத்தாம் எண் வரவழைக்கத் தாள் எழுத வேண்டும்.
முந்தைய வழங்கல்களைக் குறிப்பிடுக
என்று அதில் ஒரு வரி.
இரவு ஏட்டைத் திருப்பி விரல் வைத்துத் தேடினேன்.
எட்டு. ஒன்பது. பத்து.
தலையணை ஒன்று, இரண்டு, மூன்று.
பக்கத்துக்குப் பக்கம் தளர்ந்துகொண்டே வந்த
அதே கையெழுத்து.
மூன்று மாதமாக ஒரு மனிதர் சொல்லிக்கொண்டே இருந்ததை
நான்தான் என் பேனாவால் எழுதியிருக்கிறேன்,
படிக்காமல்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.
சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடி தூக்கம்.
தூக்கமா?
தோள் இரண்டும் வேலை செய்துகொண்டிருந்தன.

கிளினிக்கில் நர்ஸ் மாரிசெல்
அவர் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி
எடுத்தாள்.
ஈர சிமெண்டில் விரல் பதிந்த மாதிரி ஒரு குழி.
பன்னிரண்டு வரை எண்ணினேன். மூடவில்லை.
அவள் அதற்குள் ஆம்புலன்ஸை அழைத்திருந்தாள்.

நிற்கவில்லை, களைத்திருக்கிறது,
என்று இந்தியில் சொன்னார் டாக்டர்.
தள்ள முடியாத தண்ணீரைக்
காலிலும் நுரையீரலிலும் விட்டுவைக்கிறதாம்.

ஒன்பது நாள் கழித்து
எட்டாம் எண் காலணியோடு வந்தார்.
இனிச் சாரம் ஏறக் கூடாது.
என் ஸ்டோரில் போல்ட் எண்ணுகிறார்.
விசா டிசம்பர் வரை; அதைப் பற்றி
இரண்டு பேரும் பேசுவதில்லை.

ஊருக்குப் போகிறவர்கள் பெட்டி வைத்து
முப்பது கிலோ தாண்டினால்
பால்பவுடரையும் சோப்பையும் உருவி எடுக்கும் தராசு
மூலையில் கிடந்தது.
விடிகாலை நாலரைக்கு,
டீ குடிக்கும் முன்,
அதன்மேல் அவர் ஏறி நிற்கிறார்.
மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால்
காத்திருக்காதே என்பது உத்தரவு.
ஏட்டில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் கோடிட்டேன்.
கம்பெனிக்குத் தெரியாது.

திங்கள் 71.2.
செவ்வாய் 71.9.
இன்று 73.4.
"கருவாடா?" என்றேன்.
தராசை விட்டு இறங்காமல்
தரையைப் பார்த்தார்.

எழுதி முடித்து,
கையெழுத்துக்கு ஏட்டை நீட்டிவிட்டு,
பிக்கப் சாவியைத் தேடினேன்.