சனிக்கிழமை ஓடாத செக்கு

மஸ்ஜித் பந்தரில் இறங்கி
பேட்டரியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தேன்.
இருபத்திரண்டு கிலோ. வெள்ளிக்கிழமை, மாலை நாலரை.
பேரீச்சம்பழ மண்டி, ஏலக்காய் மண்டி, வெங்காயக் கோணிகள்.
கைவண்டிக்காரன் திட்டியது மராத்தியா போஜ்புரியா,
வசவு என்பது மட்டும் விளங்கியது.

"பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிடு.
சாய்ஞ்சா நாங்க சுவிட்சைத் தொட மாட்டோம்"
என்று போனில் சொல்லியிருந்தார் ஹன்னோக் திவேகர்.
நீலக் கதவு. தேக்கு பெஞ்சுகள். சிலையில்லை, படமில்லை.
செருப்பைக் கழற்றினேன்; போட்டுக்கொள் என்றார்.
தலைக்கு ஒரு குல்லா தந்தார்.
காலுக்கு விலக்கு, தலைக்கு விதி.

ஸ்டேஷனுக்குப் பெயர் வந்ததே
எங்கள் தொழுகைக் கூடத்தால்தான் என்கிறார்.
மஸ்ஜித் என்றே எங்கள் ஆட்களும் சொல்வார்களாம்.
பத்தொன்பது வருடமாக ஏறி இறங்குகிறேன்,
ஒரு நாளும் தோன்றியதில்லை.

நான் கம்பி சீவுகிறேன். அவர் பேசுகிறார்.
கப்பல் உடைந்ததாம். எப்போது?
"ஆயிரம் வருஷம்ங்கறாங்க, ரெண்டாயிரம்ங்கறாங்க,
கடல் ரசீது குடுக்கல."
ஏழு ஆண், ஏழு பெண்
நவ்காவ் கரையில் ஒதுங்கினார்கள்.
ஏடுகள் தண்ணீரோடு போயின.
அதன் பின்னாலேயே மொழியும் போனது,
சில தலைமுறை தள்ளி.
எண்ணெய் ஆட்டினார்கள். புடவை கட்டினார்கள்.
ஆறு நாள் சுற்றிய மாடு
ஏழாம் நாள் அசைபோட்டுப் படுத்திருக்கும்.
ஏன் என்று ஊர் கேட்டது, சொல்லத் தெரியவில்லை.
சனிவார் தேலி என்று ஊரே பெயர் வைத்தது.

செய்த வேலைக்குப் பாதிப் பெயர்,
செய்யாமல் விட்ட நாளுக்கு மீதி.

பிறகு எங்கிருந்தோ ஒருவன் வந்தான்.
கூடை மீனைக் கொட்டிச் சமைக்கச் சொன்னான்.
பெண்கள் செதில் உள்ளதை எடுத்தார்கள்,
இல்லாததை ஒதுக்கினார்கள்.
நீங்கள் எங்கள் ஆட்கள் என்றானாம்.
"அதுவரைக்கும் நாங்க யாருன்னு கேள்வியே இல்ல.
அதுக்கப்புறம் கேள்வியத் தவிர ஒண்ணும் இல்ல."
சிரித்தார். பல்செட் லேசாக ஆடியது.

அவரிடம் சொல்லவில்லை:
எங்கள் சுடலையும் ரயிலில் வந்தவர்தான்.
பிஸ்கட் டின்னில் பிடிமண்.
சோலாப்பூரில் யாரோ அதன்மேல் உட்கார்ந்துவிட
அப்பா தாராவி வந்து மூன்று நாள் பட்டினி.
இப்போது தண்ணீர்க் குழாய் ஓரம் நிற்கிறார்,
பிள்ளையார் மாதத்தில் மராத்தி ஆரத்தியும் கேட்டுக்கொண்டு.
எங்கள் வீட்டில் சுரைக்காய் சமைப்பதில்லை.
சாமிக்கு ஆகாது என்பார்கள்.
சாமியைக் கேட்டவர் யாருமில்லை.

ஆறு மணிக்கு ஆட்கள் வந்தார்கள்.
திவேகர் எண்ணினார், எண்களால் அல்ல,
ஒரு வசனத்தை உடைத்து ஆளுக்கொரு சொல்லாக.
ஒன்பது பேர்.
பத்தாவது சொல் அவர் வாயிலேயே நின்றது.
அந்தச் சொல்லுக்குரியவர், தம்பி பெனாயா,
போன மாதம் மகனோடு டிமோனா போய்விட்டார்.

எல்லாரும் ஒரு கணம் என்னைப் பார்த்தார்கள்.
குல்லாவும் ஸ்பானருமாக நான்.
அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நானும்.
பத்து நிமிடம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்,
பத்துப் பேராக.

சுவிட்சைப் போட்டேன்.
ஏழு விளக்கு. விடியும்வரை தாங்கும்,
நடுவில் யாரும் அணைக்கப்போவதில்லை.
ரூத்பாய் காகிதத்தில் மடித்துத் தந்தார்:
அவல், தேங்காய், சர்க்கரை, ஏலம்.
நேர்ச்சையாம், எலியா தீர்க்கதரிசிக்கு.
ரயிலில் நின்றுகொண்டே தின்றேன்.
எங்கள் தெருவில் எந்தச் சாமிக்கு வைத்தாலும்
இதே ருசிதான்.

பேச்சித்தாய் மீன் அலசிக்கொண்டிருந்தாள். கெளுத்தி.
என் கட்டைவிரல் தானாகப் போய்
அதன் முதுகைத் தடவிப் பார்த்தது.
"என்னத்தத் தேடுறீக?"
வழவழவென்று இருந்தது.
"ஒண்ணுமில்ல. புளி கொஞ்சம் தூக்கலா ஊத்து."