உட்பக்கம்

பற்குணம் கராச்சிலிருந்து வந்து கேட்டது
கத்தரிக்கோல் இல்லை, மட்டை.
"கொலருக்கு வைக்கிறது காணாது,
பெரிசா வேணும்."
கலியாணக் கார்ட் அடிக்கிற கடையில் மிஞ்சியது
என் தையல் மேசைக்குக் கீழே கிடந்தது.
கொண்டுபோய்க் கொடுக்கையில்தான் காரைக் கண்டேன்.

ஏரம்பமூர்த்தியரின் மொறிஸ் மைனர்.
இடப்பக்கப் பின்சில்லின் வளைவில்
கறள் தின்றது போக மிச்சம்.
நாவாந்துறையில் பதினாலு வருசம்
உப்புக்காற்றில் நின்றதாம்.
ஸ்குறூ டிறைவரால் மெல்லத் தொட்டான்,
தேத்தண்ணியில் ஊறின பிஸ்கட் மாதிரி உள்ளே போனது.
பட்டி கட்டியாய் விழ, அதற்குப் பின்னால்
நனைத்து உருட்டி அடைத்த பத்திரிகைத் தாள்.
ஆரோ மேலே பெயின்ற் பூசி விற்றிருக்கிறான்.
பற்குணம் தாளை விரித்து வாசித்தான்:
காணி விலைக்கு உண்டு,
இணுவிலைப் பிறப்பிடமாகவும்...
அதற்கு மேல் எழுத்தும் கறளாய்ப் போயிருந்தது.

நல்ல தகரம் வரும்வரை வெட்டினான்.
கைவிரல் போகும் ஓட்டை
என் தலை போகும் அளவுக்கு வந்தது.
பூச்சி அரித்த சீலையும் இப்படித்தான்,
அரித்த இடத்தோடு நிற்காது.

மட்டையை நான் பிடிக்க அவன் கோடு இழுத்தான்.
"தையலுக்கு விடவேணும்" என்றேன்.
"கீழே மடிக்க அரை அங்குலம்.
மற்றப் பக்கங்களில் ஒண்டும் விடக்கூடாது,
விளிம்பும் விளிம்பும் முட்டவேணும்."
ஒன்றின் மேல் ஒன்று ஏறாத மூட்டு.
இருபது வருசத்தில் நான் அப்படி ஒன்று தைத்ததில்லை.

பின்னேரம் முழுக்க அடி கேட்டது.
மண் மூட்டையில் வைத்து மரச்சுத்தியலால்,
பிறகு பழைய பிரேக் ட்றம்மின் விளிம்பில்.
அடிக்க அடிக்கத் தகரமும் நீளுமாம்,
குறுக்கே வெட்டின துணி போல.
விளக்கு வைக்கிற நேரம்
துண்டைத் தூக்கிக் காரில் பிடித்தான்.

அது வலப்பக்கத்துக்குச் சரி.

மட்டையைக் கவிழ்த்து வைத்து வெட்டியிருக்கிறான்.
துணிக்கு நல்ல பக்கம் உண்டு,
பெருவிரலுக்கே தெரியும்.
தகரத்துக்கு இரண்டும் ஒன்று.
நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.
ஒரு தகட்டின் விலை எனக்கு அப்போது தெரியாது.
இரண்டு நாள் அவன் இந்தப் பக்கம் வரவில்லை.
(அந்தத் துண்டு இப்போது என் மெசினுக்கு மேலே,
ஓடு உடைந்த இடத்தில்.
பெயின்ற் பூசிவிடு என்று
ஒவ்வொரு மாரிக்கும் சொல்கிறேன்.)

மூன்றாம் நாள் வந்தான், சோக் கேட்டு.
புது மட்டையில் அவனே எழுதினான்,
சரிந்த எழுத்தில், பெரிதாக: வெளி.

இம்முறை பொருந்தியது.
ஒரு பொட்டு வெல்டிங் இங்கே,
அடுத்தது ஒரு சாண் தள்ளி,
பிறகு திரும்பி நடுவில்.
நூலோட்டம் விடுகிறான் என்று நினைத்தேன்.
ஒரே இழுவையில் போனால்
சூட்டில் தகரம் சுருங்கி நெளியும் என்றான்.
என் வெட்டுத்துணிகளை வாளியில் நனைத்து
ஒவ்வொரு பொட்டிலும் ஒற்றினான்.
கருகின பொப்ளின் மணம்
கே.கே.எஸ். றோட் வரை போயிருக்கும்.

ஏரம்பமூர்த்தியர் வந்தார்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கையால் தடவினார்.
"எதிலயடாப்பா மூட்டு?"
பற்குணம் காட்டவில்லை.
அவர் முந்நூறு ரூபா குறைத்துக் கொடுத்தார்.

கார் போவதற்கு முன், அவர் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில்,
"ஒருக்கால் கீழ பாருங்கோ" என்றான் என்னிடம்.
சாக்கு விரித்து லைற்றும் பிடித்தான்.
உடுப்பைப் பார்க்கிறவள் அதைப் புரட்டித்தான் பார்ப்பாள்,
அது அவனுக்கு எப்படித் தெரியுமோ.
வெளியே அராவி மறைத்த கோடு
உள்ளே அப்படியே இருந்தது,
பொட்டுப் பொட்டாய், நீலம் பாரித்து,
வளைவோடு வளைந்து.
விரல் வைத்து எண்ணிக்கொண்டு போனேன்.

"ரெண்டு இடத்தில கோணல்" என்றேன்.

"மூண்டு" என்றான்.