நான்காவது பிரிவு

ஸிட்டாவ் நகராட்சிக் கட்டடத்தில்
பிறப்பு இறப்புப் பதிவறைக்கு அடுத்த அறை
மாதத்தின் முதல் செவ்வாய் மாலை எனக்கு.
சம்பளம் இல்லை, சாவி உண்டு.
கதவில் ஒட்டியிருக்கிறது: அமைதி நடுவர்.
பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில்
மற்றவர் பார்வையை அளக்கிறவள் நான்.
செவியை அளக்க யாரும் கற்றுத்தரவில்லை.

இன்று ராய்க் கூபிஷ் வந்திருக்கிறார்,
ரொட்டி சுடுபவர், நகக்கண்ணில் மாவு.
நள்ளிரவு ஒரு மணிக்கு எழுந்து
இரண்டுக்கு அடுப்பு மூட்டி
மதியம் திரும்பி வந்து படுக்கிறவர்.
அவர் தலைக்கு மேல்
பதின்மூன்று வயது யெத்தே
மூன்றரை முதல் நாலரை வரை
டிராம்போன் ஊதுகிறாள்.
தேவாலயக் குழுவுக்காக.
கிறிஸ்துமஸுக்குள் தேறியாக வேண்டும்.

சுவருக்கும் காது உண்டு என்பார்கள்.
அந்த வீட்டுக் கூரைக்கு வாயே உண்டு.

குடியிருப்பு விதித்தாளை மேசையில் விரிக்கிறேன்.
இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி.
மதியம் ஒன்று முதல் மூன்று வரை அமைதி.
ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடக்கூடாது.
கம்பளம் தட்டுவதென்றால் சனி நண்பகலுக்குள்.
வாத்தியம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம்.
யெத்தேயின் அம்மா மாண்டி
விரல் வைத்துப் படிக்கிறாள்.
ஒரு வரியையும் மீறவில்லை அவள் பெண்.
ராய்க்கும் அதை மறுக்கவில்லை.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு,
இரவில் அதுவும் பேசாதே.
சரி.
இவருடைய இரவு மதியம் ஒன்றரைக்குத் தொடங்குகிறதே,
திரைச்சீலையை ஊக்கால் குத்தி
வெயிலை வெளியே நிறுத்திவிட்டு?
விதியை எழுதியவருக்கு
ஒரே ஓர் இரவுதான் தெரிந்திருக்கிறது.
அந்த மனிதர் காலையில் தின்ற ரொட்டியை
யார், எப்போது சுட்டதாக நினைத்தார்?

"அப்படியானால்," மாண்டி கேட்கிறாள்,
"இரவு ஒன்றரைக்கு இவர் சாத்தும் கதவு?
கீழே படார் என்றால்
மேலே என் சின்னவன் எழுந்து உட்காருகிறான்."

ராய்க் நிமிர்கிறார்.
ஒன்பது வருடம். யாரும் சொன்னதில்லை.
அவருக்குச் சிவப்பு காது மடலில் தொடங்கி
கழுத்துக்கு இறங்குகிறது.
யெத்தே இதுவரை ஒன்றும் பேசவில்லை.
மேலுதட்டில் ஊதுவாயின் அரைவட்டத் தடம்.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துத்
தட்டச்சு செய்தேன்.
கதவு நிலையில் கம்பளித் துண்டு, செலவு ராய்க்குடையது.
டிராம்போன் இனி நிலவறையில்,
சலவை இயந்திரங்களுக்கு நடுவில்.
ஞாயிறு பதினொரு மணிக்கு மட்டும் மேலேயே ஊதலாம்.
நான்காவது பிரிவு என் சொந்தச் சேர்க்கை:
குறை எதுவானாலும்
முதலில் கதவைத் தட்டிச் சொல்வது,
பிறகு எனக்கு எழுதுவது.
மூவரும் கையெழுத்திட்டார்கள்.
சிறுமியின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை,
அவள் பேனாவை விடவில்லை.

நவம்பரில் ஒரு கடிதம்,
ரொட்டிக்கடை உறையில்.

அமைதி நடுவருக்கு.
தட்டினால் சத்தம் கேட்குமே என்று
நேரே தங்களுக்கு எழுதுகிறேன்.
வெப்பக் குழாய் வழியாக இன்னும் வருகிறது.
மெல்லியதாகத்தான். அது போகட்டும்.
ஏழாவது வரியில் ஓர் இடம் இருக்கிறது.
தினமும் அங்கேதான் தடுக்குகிறாள்.
அந்த இடம் வரும்வரை எனக்குத் தூக்கமில்லை.
வந்த பிறகும் இல்லை.
ஆவன செய்யவும்.

புகார்ப் படிவத்தில் கட்டங்கள் உண்டு:
நாய். கம்பளம். வாத்தியம். விருந்து. பிற.
பேனாவை வெகுநேரம் தூக்கிப் பிடித்திருந்தேன்.
பிற.

டிசம்பர் முதல் செவ்வாய், மாலை ஆறு.
இரு தரப்பும் வரவேண்டும்.
அடியில் கையால் ஒரு வரி:
டிராம்போனையும் கொண்டு வரவும்.
அந்நேரம் பதிவறையில்
யாரும் இருக்கமாட்டார்கள்.